சக்கர நாற்காலியில் பிரயாணம்: தங்குமிடத்தை அளந்தறியும் பாடம்



பிரயாணம் நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று அழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானிலோ இறங்கி, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு கடை தேடிப் போனவர்களின் மக்கள் நாம். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் பழைய குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. அப்படி வந்து இறங்கியவர்கள் தங்கியது எங்கே? பெரும்பாலும் ஊர்க்காரர் கடையின் மாடியில். கீழே வியாபாரம்; மேலே பாய் விரிப்பு. “வாங்க பாய், மேலே போய்ப் படுங்க” என்பதே அந்நாளைய உபசாரம்.

அந்த உபசாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அதிலுள்ள ‘மேலே’ என்ற சொல்லை மட்டும் சற்றுக் கவனிக்க வேண்டும். மாடிப்படி ஏற முடியாதவருக்கு அந்த அழைப்பில் இடமில்லை. அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சர்க்கரை வியாதியால் கால் இழந்தவர், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், சிறு வயதில் போலியோ கண்டவர் ஆகியோர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கிள்ளானில் பேத்திக்கு நிக்காஹ் என்று கடிதம் வருகிறது. “உடம்பு சரியில்லை, நீங்கள் போய் வாருங்கள்” என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். உண்மையில் அவருடைய உடம்புக்கு ஒன்றுமில்லை. போகுமிடத்தில் குளியலறைக்குள் தம் நாற்காலி நுழையுமா என்ற கவலைதான் அவரைத் தடுக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். அறிந்து கேட்க நமக்கு அறிவு போதவில்லை. அந்த அறிவைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் பாடம்: “சௌகரியம் உண்டு” என்பது பதிலாகாது

தங்கும் விடுதி ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசி, “சக்கர நாற்காலிக்காரருக்குச் சௌகரியம் உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில், “உண்டு, தாராளமாக வாருங்கள்” என்றே பதில் வரும். பதில் சொன்னவர் பொய் சொல்ல எண்ணியவரல்லர். லிப்ட் இருக்கிறது, ஆள் இருக்கிறது, தூக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். போய்ச் சேர்ந்த பிறகுதான் லிப்டுக்கு முன்னால் நான்கு படி இருப்பது தெரிகிறது. அறைக்குள் நாற்காலி போகிறது, குளியலறைக்குள் போகவில்லை. இரவு பத்து மணிக்கு வேறு விடுதி தேட வேண்டியதாகிறது.

துணி வியாபாரி கஜக்கோல் இல்லாமல் துணி விற்பதில்லை. மளிகை வியாபாரி தராசு இல்லாமல் சரக்கு நிறுப்பதில்லை. “ஏறத்தாழ இருக்கும்” என்று சொல்லி ஒரு பொருளை வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம். அளவிலும் நிறையிலும் நேர்மை வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கம். அதே ஒழுக்கத்தை இங்கேயும் கைக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். ஆகவே, சௌகரியம் உண்டா என்று கேட்பதை விட்டு, எத்தனை அங்குலம் என்று கேட்க வேண்டும்.

அறிந்துகொள்ள வேண்டிய அளவுகள்

சாதாரணமாகப் பெரியவர்கள் உபயோகிக்கும் நாற்காலி, சக்கரத்தின் வெளிப்புறத்தைச் சேர்த்து 25 முதல் 27 அங்குல அகலம் இருக்கும். சக்கரத்தைத் தள்ளும் கைவிரல்களுக்கும் இடம் வேண்டும். ஆகவே வாசலின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 36 அங்குலம் இருந்தால் மிக நல்லது. இதைக் கதவின் அகலமாகக் கொள்ளக்கூடாது. கதவைத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் எதிர் நிலைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை அளக்க வேண்டும். அறை வாசலை மட்டும் அளந்துவிட்டு நிற்பதும் தவறு. நம் நாட்டுக் கடைவரிசைக் கட்டடங்களில் அறை வாசல் அகலமாகவும், குளியலறை வாசல் ஒடுக்கமாகவும் இருப்பதே வழக்கம்.

அடுத்தது சாய்தளம். இதற்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது, ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்று இருந்தால் ஆறடிச் சாய்தளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி வேண்டும். இரண்டடிப் பலகை ஒன்றைப் படிமேல் சாய்த்து வைத்துவிட்டு, சாய்தளம் இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. செங்குத்தான சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

மூன்றாவது, திரும்பும் இடம். நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஐந்தடி வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்திலும் குளியலறையிலும் இந்த இடம் தேவை. அறை பெரிதாக இருந்து, சாமான்கள் அதை அடைத்துக்கொண்டிருந்தாலும் பயனில்லை.

நான்காவது, உயரம். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 19 அங்குலம் இருக்கும். கட்டிலும் கழிப்பறைப் பீடமும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தால், கைகளை ஊன்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடலாம். மெத்தைமேல் மெத்தை போட்ட உயர்ந்த கட்டில் பார்வைக்கு அழகாக இருக்கும். இவருக்கோ அது ஏற முடியாத சுவர். பீடத்தின் ஒரு பக்கத்திலாவது மூன்றடி வெற்றிடமும், ஆள் பாரம் தாங்கும் கைப்பிடியும் இருக்க வேண்டும். துண்டு உலர்த்தும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துப் பிடித்து விழுந்தவர்கள் உண்டு.

இந்த அளவுகள் சரியில்லாவிட்டால் வரும் துன்பம் அசௌகரியம் மட்டுமல்ல. கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று அஞ்சிப் பலர் பிரயாணத்தின்போது தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று உண்டாகிறது. நாற்காலியிலிருந்து இறங்க முடியாமல் மணிக்கணக்காக ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் படுக்கைப்புண் வருகிறது. இரண்டு நாள் பிரயாணம் இரண்டு மாத வைத்தியத்தில் கொண்டுபோய் விடும்.

நம் கடைவாசலில் உள்ள இடையூறு

சுங்கை வேயிலும், பெட்டாலிங் ஜெயாவிலும், கிள்ளானிலும் நம்மவர் கடைகள் பெரும்பாலும் கடைவரிசைக் கட்டடங்களில் இருக்கின்றன. கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு. 1822இல் சிங்கப்பூருக்காக ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்த பழக்கம் இது. 1880களில் கோலாலம்பூரைச் செங்கல்லால் திருப்பிக் கட்டியபோது இங்கும் நிலைபெற்றது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால், ஒவ்வொரு கடைக்காரரும் தத்தம் வாசலைத் தம் இஷ்டம்போல் உயர்த்திக்கொண்டார்கள். ஒரு கடை ஓரடி உயரம், அடுத்த கடை அதைவிட நான்கு அங்குலம் தாழ்வு, அதற்கடுத்தது மீண்டும் உயரம். கால் உள்ளவர் கவனியாமலே ஏறி இறங்கிவிடுவார். சக்கர நாற்காலிக்காரரோ முதற் கடையிலேயே நின்றுவிடுவார். பிறகு சாலையில் இறங்கி மோட்டார் வண்டிகளோடு போக வேண்டியதுதான்.

இங்கே நம் சாய்தளக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நடைபாதை ஐந்தடி அகலம். கடையின் உள்தரை நடைபாதையைவிட ஐந்து அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், கணக்குப்படியான சாய்தளம் குறுக்கே நடைபாதைக்குள் அடங்காது. கால்வாய்க்கு மேல் போய்விடும். ஆகவே புதிதாகத் தரை போடும்போதே உயரத்தைக் குறைத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம். கால்வாய் மூடியையும் பார்க்க வேண்டும். இரும்புச் சட்டங்களின் இடைவெளியில் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். சட்டங்கள் போகும் திசைக்குக் குறுக்காக அமைந்தால் சக்கரம் தப்பும்.

கடைவரிசையில் நடக்கும் சிறிய விடுதிகளில் இன்னொரு தொல்லை உண்டு. தெருவாசலில் பெயர்ப்பலகை இருக்கும். பதிவு செய்யும் மேஜையோ மாடியில் இருக்கும். “எங்கள் விடுதியில் லிப்ட் உண்டா” என்ற கேள்வியே எழாது, ஏனெனில் படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் (சட்டம் 685) நிறைவேறியது. பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் மற்றவர்களைப் போலவே உபயோகிக்கும் உரிமையை அது ஏற்றுக்கொள்கிறது. 1984ஆம் வருடக் கட்டட ஒழுங்குவிதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 34ஏ விதி, கட்டடங்களுக்குள் இவர்கள் போய்வர வழி செய்ய வேண்டும் என்கிறது. அளவுகளை எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை விவரிக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கையையும் மலேசியா 2010இல் உறுதிப்படுத்தியது. ஆனால், 2008ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, அதை மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் விதிக்கப்படவில்லை. பற்களில்லாத சட்டம் என்று உடற்குறையுடையோர் அதைக் குறைகூறியதற்குக் காரணம் இதுவே.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கட்டட அளவுகளை வெறும் யோசனைகளாக விட்டுவிட முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் நீங்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் வழக்குக்கு வந்ததும் மகிழ்ச்சிக்குரியதே. சொல் மாறியது போல வாசற்படியும் மாற வேண்டும்.

சட்டத்தால் மட்டும் வாசல் திறப்பதில்லை. கேட்பவர் கேட்டதால் திறந்த வாசல்களும் உண்டு. கோலாலம்பூரில் 1996இல் ஓடத் தொடங்கிய முதல் இலகு ரயில் பாதையின் நிலையங்கள் லிப்ட் இன்றிக் கட்டப்பட்டன. உடற்குறையுடையோர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1998இல் தொடங்கிய கிளானா ஜெயா பாதை லிப்டுகளோடு வந்தது. 2007 ஜூலையில், சிப்பாங்கில் அப்போதிருந்த குறைந்த கட்டண விமான முனையத்தில், நடக்க முடியாதவர்களை ஏற்ற மறுத்த போக்கைக் கண்டித்துச் சக்கர நாற்காலிக்காரர்கள் ஒன்றுகூடினர். அதன் பின்னர் விமானத்தின் வாசல் வரை நாற்காலியை உயர்த்தும் வண்டிகள் அங்கு வந்தன.

சுங்கை வேயிலிருந்து புறப்படுவோம்

நம் பக்கத்தில் கிளானா ஜெயா இலகு ரயிலும், செத்தியா ஜெயாவில் கே.டி.எம். ரயிலும் இருக்கின்றன. செத்தியா ஜெயாவிலிருந்து 2015 ஜூனில் தொடங்கிய சன்வே மின்சார பஸ் உயர்பாதையில் ஓடுகிறது. அதன் நிலையங்களில் லிப்ட் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டுமானால் 2001இல் திறந்த கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கலாம். பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மேடுள்ள ஓடுகளைக் காண்பீர்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் வந்த நன்மை அது. எனினும், புறப்படுமுன் இறங்கும் நிலையத்தின் லிப்ட் அன்று வேலை செய்கிறதா என்று விசாரித்துக்கொள்வது அவசியம். லிப்ட் பழுதான நிலையம் படிக்கட்டு நிலையமே.

விமானத்தில் போவோர் மூன்று குறிகளை அறிந்திருக்க வேண்டும். சீட்டு வாங்கும்போதே இவற்றில் ஒன்றைப் பதியச் சொல்ல வேண்டும். நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏற முடியாது, சில அடி நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். சற்றும் நடக்க இயலாது, ஆசனம் வரை கொண்டுபோக வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. வெறுமனே ‘வீல்சேர் வேண்டும்’ என்றால் முதற் குறியைப் போட்டுவிடுவார்கள். பிறகு விமானத்தின் படிக்கட்டின் கீழே நின்று வாதாட நேரிடும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அறிவித்துவிடுவது நல்லது.

மின்சார நாற்காலியாக இருந்தால் அதன் பாட்டரி விவரமும் தேவை. கழற்றக்கூடிய லித்தியம் பாட்டரி 300 வாட்-மணிக்கு மேற்படக்கூடாது. கழற்றிய பாட்டரியைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. நாற்காலியின் கழற்றக்கூடிய பாகங்களான மெத்தை, கால்தாங்கி ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் அறையில் காணாமற் போவது பெரும்பாலும் இவைதாம்.

ஊரில் இரண்டு உதாரணங்கள்

சக்கர நாற்காலியில் போகிறவர் வைத்தியத்துக்காகத்தான் போவார் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். அந்த எண்ணம் தவறு என்பதைத் தமிழ்நாட்டின் இரு வரலாறுகள் காட்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பிறகு நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அதோடு நில்லாமல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும், பின்னர் நியூயார்க்குக்கும் போய்ப் பயிற்சி பெற்று வந்தார். 1966இல் வேலூரில் அவர் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் எத்தனையோ பேரை மீண்டும் தொழிலுக்கு அனுப்பியிருக்கிறது. அந்தக் காலத்து விமானத்தில் அவர் போய்வந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உதாரணம் நம்மில் பலருடைய சொந்த ஊர்களான தென்காசி, கடையநல்லூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981ஆம் வருடத்தை உடற்குறையுடையோர் ஆண்டாக உலகம் கொண்டாடியபோது, அவர் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு வைத்தியம் செய்த ஏர் மார்ஷல் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். நாற்காலியிலிருந்தே அவர் நடத்திய அந்தச் சங்கம் வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஊருக்குப் போகும் வியாபாரிகள் ஒருநாள் அங்கே போய்ப் பார்த்துவர வேண்டுமென்பது நம் யோசனை.

சென்னையில் இறங்குவோருக்கு மேலும் ஒரு பாடம் மெரினாவில் இருக்கிறது. 2022 நவம்பர் 27இல் நாற்காலிக்காரர்கள் அலையோரம் வரை போய்வர 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் அதே நகரத்தில் இருந்தும் கடலைத் தொட்டறியாதவர்கள் அன்று அலையருகே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் வந்த மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு பழுதுபார்க்கப்பட்டது. கட்டுவதோடு வேலை முடிவதில்லை, பராமரிக்கவும் வேண்டும் என்பது இதில் நாம் கற்கும் பாடம்.

தங்குமிடத்தாரிடம் கேட்க வேண்டிய பத்து கேள்விகள்

1. தெருவிலிருந்து பதிவு மேஜை வரை எத்தனை படிகள்? ஒரு படி கூட இல்லையா?
2. சாய்தளம் உண்டென்றால், எத்தனை அங்குல உயரத்துக்கு எத்தனை அடி நீளம்?
3. லிப்டின் கதவு எத்தனை அங்குலம் திறக்கும்? உள்ளே எத்தனை அடி ஆழம்?
4. அறை வாசலின் திறப்பு எத்தனை அங்குலம்?
5. குளியலறை வாசலின் திறப்பு எத்தனை அங்குலம்? வாசலில் தடுப்புக் கட்டை உண்டா?
6. குளியலறைக் கதவு உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா?
7. கட்டிலின் உயரம் மெத்தையோடு எத்தனை அங்குலம்? பக்கத்தில் எத்தனை அடி இடம்?
8. கழிப்பறைப் பீடத்தருகே சுவரில் பதித்த கைப்பிடி உண்டா?
9. குளிக்கும் இடம் தரைமட்டமா, தொட்டியா? கைக்குழாய் உண்டா? உட்கார உறுதியான நாற்காலி உண்டா?
10. வண்டியிலிருந்து இறங்கும் இடத்துக்குக் கூரை உண்டா? அங்கிருந்து வாசல் எத்தனை தூரம்?

இத்தனையும் கேட்டால் எதிரில் இருப்பவர் சலித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். “பாய், சிரமம் பாராமல் குளியலறை வாசலை மட்டும் அளந்து, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்” என்று பணிவாகக் கேட்டால், நல்ல வியாபாரி மறுக்கமாட்டார். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உம்றாவுக்குப் போகும் குடும்பங்கள் இந்தப் பத்தோடு மற்றொன்றையும் கேட்க வேண்டும். மக்காவின் பல வீதிகள் மலைச்சரிவில் உள்ளவை. பள்ளிக்கு 400 மீட்டர் தூரம் என்பதைவிட, அந்த 400 மீட்டர் சமதரையா, ஏற்றமா என்பதே முக்கியம். ஹரமுக்குள் நாற்காலிகளும் மின்சார வண்டிகளும் கிடைக்கின்றன. ஸஃயு செய்யுமிடத்தில் நாற்காலிகளுக்குத் தனி வழியும் உண்டு. ஆக, கஷ்டம் பெரும்பாலும் ஹரமுக்கும் விடுதிக்கும் நடுவேதான்.

விடுதியும் கடையும் நடத்தும் நாம் செய்யக்கூடியவை

நம்மில் விடுதி நடத்துவோர் உண்டு. சாப்பாட்டுக் கடை நடத்துவோர் அதிகம். கட்டடத்தை இடித்துக் கட்ட இயலாதவரும் செய்யக்கூடிய காரியங்கள் பல இருக்கின்றன.

மாடி விடுதியாக இருந்தாலும், கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தால் அதைச் சாமான் அறையாக்காமல் இவர்களுக்கென ஒதுக்குங்கள். குளியலறைக் கதவை உள்ளே திறக்காமல் வெளியே திறக்கும்படி மாற்றினால் உள்ளே இடம் மிஞ்சும். மாற்ற முடியாவிட்டால் கதவைக் கழற்றிக் கெட்டித் திரை போடலாம். வாசலில் உள்ள தடுப்புக் கட்டைக்கு ஒரு சிறு சரிவு பூசலாம். கைப்பிடியைப் பலமான சுவரில், பலமான ஆணிகொண்டு பதிக்க வேண்டும். மடக்கி வைக்கும் அலுமினியச் சாய்தளம் ஒன்று வாங்கி வைத்தால் ஒன்றிரண்டு படிகளுக்கு உதவும். குளிக்க வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் வழுக்காதபடி காலில் ரப்பர் உள்ளதாக இருக்கட்டும். அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒலுச் செய்யத் தாழ்ந்த குழாய் ஒன்று வைத்தால் பெரியவர்களின் துஆ கிடைக்கும்.

சாப்பாட்டுக் கடையில், தரையோடு பிணைத்த ஆசனங்களுக்கு நடுவே ஒரு மேஜைக்காவது நகர்த்தக்கூடிய நாற்காலி போடுங்கள். மேஜையின் அடியில் முழங்கால் நுழைய 27 அங்குலம் வேண்டும். நடைபாதையில் சாமான் அடுக்குவதையும் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதையும் விட்டால் ஒரு காசு செலவில்லாமல் வழி திறக்கும்.

இவற்றுள் எதுவும் செய்ய இயலாதவர் ஒன்று செய்யலாம். உள்ளதை உள்ளபடி சொல்லலாம். “எங்கள் குளியலறை வாசல் 24 அங்குலம்தான், உங்கள் நாற்காலி நுழையாது. இன்ன விடுதியில் விசாரித்துப் பாருங்கள்” என்று சொல்கிறவர் ஒரு வாடகையை இழக்கலாம், ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார். நாற்காலிக்காரர் தனியே வருவது குறைவு. அவரோடு மனைவி, மக்கள், உறவினர் என்று நாலு பேர் வருகிறார்கள். அவர் நுழையாத இடத்தில் அந்த நாலு பேரும் நுழைவதில்லை. ஆகவே இது தர்மக் கணக்கு மட்டுமல்ல. வியாபாரக் கணக்கும் ஆகும்.

பழகும் முறை

அளவெல்லாம் சரியாயிருந்தும், பழகும் முறை தவறினால் விருந்தாளி மனம் நொந்து போவார். ஆகவே சில விஷயங்களை வேலையாட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

நாற்காலியில் இருப்பவரிடமே பேசுங்கள். கூட வந்தவரைப் பார்த்து, “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். அவருக்குக் கால்தான் நடக்கவில்லை, வாய் பேசும். கேட்காமல் நாற்காலியைத் தள்ளக்கூடாது, அதன்மேல் சாயவும் கூடாது. அது அவர் உடம்பின் ஒரு பகுதி போன்றது. “உதவட்டுமா?” என்று கேட்டு, எப்படி என்பதை அவரே சொல்லக் கேட்டுச் செய்ய வேண்டும். செங்குத்தான சரிவில் இறக்கும்போது பின்பக்கமாக இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் ஆள் முன்னே சரிந்து விழுவார். நிறுத்தியவுடன் சக்கரத்தின் பூட்டைப் போட வேண்டும். தூக்க வேண்டி வந்தால் கைதாங்கியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அது கழன்று கையோடு வந்துவிடும். சட்டத்தைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, “ஐயோ பாவம்” என்ற சொல் வேண்டாம். வந்திருப்பவர் சரக்கு வாங்க வந்த வியாபாரியாகவும் இருக்கலாம், நிக்காஹுக்கு வந்த பாட்டனாராகவும் இருக்கலாம். வந்த காரியத்துக்குரிய மரியாதையையே அவர் எதிர்பார்க்கிறார்.

நாம் செய்ய வேண்டியது

சகோதரர்களே, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் அளக்கும் நாடா ஒன்றை எடுத்து மூன்று இடங்களை அளந்து பாருங்கள்: உங்கள் கடைவாசற் படியின் உயரம், உங்கள் வீட்டுக் குளியலறை வாசலின் திறப்பு, நீங்கள் வழக்கமாகத் தொழும் பள்ளியில் ஒலுச் செய்யுமிடத்துக்குள்ள படிகள். அவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் வையுங்கள். யாராவது தொலைபேசியில் கேட்டால், “சௌகரியம் உண்டு” என்று சொல்லாமல் அந்தச் சீட்டைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேச மூன்று கேள்விகள்: நம் கடைவரிசையில் அடுத்தடுத்த வாசல்களைச் சமப்படுத்த அண்டைக் கடைக்காரர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம்? நமது வைபவங்களுக்கு மண்டபம் பேசும்போது இந்தப் பத்து கேள்விகளை யார் கேட்பது? வர முடியாது என்று சொல்லிவிட்ட பெரியவர்கள் யார் யார், அவர்கள் வராமைக்கு உண்மைக் காரணம் என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடிப் போகிறவர், கையோடு நாடாவையும் கொண்டுபோகட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த நிக்காஹில் அந்தப் பெரியவர் முன்வரிசையில் இருப்பார்.

வஸ்ஸலாம்.